வாசகர் கேள்வி பதில்: ஆளில்லாத தீவுக்குப் போகும் முன்

கேள்வி: நாங்கள் நான்கு பேர். கடை, கழிப்பறை, கரண்ட் எதுவும் இல்லாத ஒரு தீவுக்குக் காலையில் படகில் போய் இறங்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பலாம் என்று திட்டம். என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

பதில்: சாமான்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் படகுக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: அன்றைக்கு எத்தனை மணிக்குக் கடல் வற்றும், வற்றினால் படகு எதுவரை வரும்? பவளப்பாறை சூழ்ந்த தீவுகளில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மணலை முட்டிக்கொண்டு நின்ற அதே படகு, வற்றிய பிறகு பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன படகு நாலு மணிக்குச் சரியாகத்தான் வந்தது, ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவில் பாறை முழுக்க வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது, கால் வைத்தால் கிழித்துவிடும். படகுக்காரர் தூரத்திலிருந்தே கையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏற முடிந்தது. கூட வந்த பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் அதற்கு முன்பே தீர்ந்துபோய், அவன் உதட்டை நக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், அதனால் போன வாரம் போய்வந்தவர் சொல்லும் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் கூடுதல், வற்றமும் கூடுதல்.

சரி, இப்போது சாமான். தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், அதற்கு மேல் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் தாங்கும் அளவுக்குக் கொஞ்சம். தலையில் மாட்டும் டார்ச், ஒரு விசில், காயத்துக்குக் கட்டுத்துணி. செல்போன் சிக்னல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும்தான் நல்லது. சன்ஸ்கிரீன் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்கள் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பவளத்துக்குக் கேடு என்று பலாவ் நாடு 2020 ஜனவரி முதல் இந்த வகை கிரீம்களையே தடை செய்துவிட்டது.

கேள்வி: தீவில்தான் தென்னை இருக்குமே, தண்ணீரைச் சுமந்துகொண்டு போக வேண்டுமா?

பதில்: வேண்டும். மரம் ஏறத் தெரியாதவர் ஆளில்லாத இடத்தில் மரம் ஏறி விழுந்தால் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை. குழி தோண்டினால் ஊற்று வரும் என்று சொல்பவர்களும் உண்டு. கொஞ்சம் பெரிய மணல் தீவுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படலமாக மிதந்து நிற்பது உண்மைதான். ஆனால் சின்னத் திட்டுகளில் அந்தப் படலம் நிற்பதில்லை. தோண்டினால் உப்பு நீர்தான் கிடைக்கும், அதைக் குடிக்கக் குடிக்க தாகம் கூடும். இன்னொன்று, தென்னையடி நிழலில் துண்டு விரித்துப் படுக்காதீர்கள், காய் விழும்.

கேள்வி: எனக்கு ஓரளவு நீச்சல் தெரியும். அலை அதிகமாக இருந்தால், அலை இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினால் போதும்தானே?

பதில்: தயவுசெய்து அப்படி இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிகிறதா? பல நேரம் அதுதான் ஆபத்தான இடம். அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும், ஆழமான அந்தப் பள்ளம் வழியாகத்தான் போகும். பவளப்பாறைத் தீவுகளில் பாறையில் விழுந்திருக்கும் இடைவெளி வழியாக ஆறு மாதிரி வெளியே ஓடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இதில் சாகக் காரணம், கரையைப் பார்த்துக்கொண்டே அதை எதிர்த்து நீந்தி, தெம்பு போய் மூழ்குவதுதான். இழுக்கிறது என்று தெரிந்ததும் மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள். பிறகு கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் அலை உடையும் பக்கமாகக் கரைக்குத் திரும்புங்கள். இந்த மாதிரித் தீவில் காவலுக்கு ஆள் கிடையாது, ஆகவே நான்கு பேரில் ஒருவர் எப்போதும் மணலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

காலில் கெட்டி அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ போட்டு, தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவுக்கே விலகிப் போகும். கல்மீன் விலகாது, கல் மாதிரியே கிடக்கும், ஆகவே பாறைப் பக்கம் கண்ணை அடியில் வைத்திருங்கள். அதன் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வைப்பது வலியைக் குறைக்கும், அதனால் ஒரு பெரிய பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப்போவது நல்ல பழக்கம். அதற்குப் பிறகு தாமதம் செய்யாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: ராத்திரி தங்கி, மணலில் நெருப்பு மூட்டி உட்கார ஆசை. தப்பா?

பதில்: அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆமை முட்டையிடும் கரை என்றால் நெருப்பும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கத்தைத்தான் கடல் என்று நினைத்து நடக்கும்.

கேள்வி: நினைவுக்கு நாலு சிப்பி, சங்கு எடுத்து வரலாமா? யாரும் இல்லாத தீவுதானே.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். எடுக்காதீர்கள். உயிருள்ள கூம்பு நத்தையின் ஓடு பார்க்க அவ்வளவு அழகு, சில வகைகளின் கொட்டு மனிதரையே கொன்றுவிடும். காலி ஓடு என்றால், அதுதான் துறவி நண்டுக்கு வீடு. அதற்கு வயிற்றுப் பகுதி மெத்தென்று இருக்கும், பாதுகாப்புக்குச் சொந்த ஓடு கிடையாது, வளர வளரப் பெரிய சங்காகத் தேடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை தாழைப் புதரின் அடியில் ஒரு நண்டு நீல நிறப் பாட்டில் மூடியை முதுகில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து போனதைப் பார்த்தேன். பாதி உடம்பு வெளியே தெரிந்தது, நான் குனிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்து முடியாமல் அப்படியே அசையாமல் நின்றது.

யாரும் இல்லாத தீவு என்கிறீர்கள். பசிபிக்கில் ஹெண்டர்சன் என்ற தீவில் மனிதர் யாரும் குடியில்லை. 2017-ல் வெளியான ஆய்வு அதன் கரைகளில் ஏறக்குறைய 3 கோடியே 77 லட்சம் குப்பைத் துண்டுகள் கிடப்பதாகக் கணக்கிட்டது, எல்லாம் கடல் கொண்டுவந்தவை. அங்கும் இந்தியப் பெருங்கடலில் உள்ள கோகோஸ் கீலிங் தீவுகளிலும் பிளாஸ்டிக்கில் மாட்டிச் சாகும் துறவி நண்டுகள் மட்டும் 5 லட்சத்துக்கு மேல் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் பாட்டிலுக்குள் நண்டு இறங்கிவிடும், வழுக்கும் சுவரில் ஏறி வெளியே வர முடியாது. அது செத்ததும் வரும் வாடை, இங்கே ஓர் ஓடு காலியாகிவிட்டது என்று மற்ற நண்டுகளுக்குச் சேதி சொல்லும், அவையும் தேடி வந்து அதே பாட்டிலில் விழும்.

அதனால் எதையாவது கையில் கொண்டுவர வேண்டும் என்று தோன்றினால் பாட்டில்களைக் கொண்டுவாருங்கள். மூடியில்லாத ஒன்றைக் கண்டால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், உள்ளே அசைவு தெரிந்தால் நிழலான மணலில் மெல்லக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள். வெளியே வர அதற்கு நேரமாகும்.