1804 இல்லாமல் 1809 இல்லை

கேள்வி: சார், எங்கள் படிப்பக ஆண்டு விழாவுக்கு, திருவிதாங்கூரின் தளவாயாக (தலைமை அமைச்சராக) இருந்த வேலுத்தம்பியைப் பற்றி நாடகம் எழுதுகிறேன். அவர் சிலருடைய காதை அறுத்தது, கலகம் செய்த படையாட்களைக் கொன்றது எல்லாம் அதில் வருகிறது. "நம்ம மண்ணுக்க வீரன், அதை எல்லாம் மேடையில காட்டாதே" என்கிறார்கள் கமிட்டிக்காரர்கள். வெட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், திங்கள்நகர்

பதில்: வெட்டாதீர்கள் தம்பி. நான் ஒரு தடவை வெட்டினேன், நாடகமே போய்விட்டது.

வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி ஆண்டு விழாவுக்காக எழுதியது அது. வெள்ளைக்காரனுக்கு எதிராக எழச்சொல்லி வேலுத்தம்பி வெளியிட்ட 1809 ஜனவரி குண்டறை விளம்பரத்தில் தொடங்கி, அவர் உயிர்விட்ட மண்ணடி கோயிலில் முடித்திருந்தேன். வேலுத்தம்பியாக நடித்த பையனுக்கு நல்ல குரல். ஒத்திகையில் கேட்டான்: "சாரே, மெக்காலே மேல இவருக்கு எதுக்கு இம்புட்டு கோவம்?" வெள்ளைக்காரன்தானே என்று சொல்லிவிட்டேன். அவனும் கடைசிவரை கத்திக்கொண்டே இருந்தான். அவன் கேட்டதற்கான பதிலை நானே வெட்டி எறிந்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பதில் 1804-இல் இருக்கிறது. தளவாயான தம்பி, கஜானா காலி என்று நாயர் படையின் படிக்காசில் கைவைத்தார். படை திரண்டு அவரை நீக்கச் சொன்னது. அவர் கொச்சிக்கு ஓடி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்ட், அதாவது அதன் பிரதிநிதியான மெக்காலேயிடம் உதவி கேட்டார். கம்பெனிப் பட்டாளத்தின் பலத்தில் கலகத்தை நசுக்கினார். தலைவர்களில் ஒருவரை யானைகளில் கட்டிக் கிழித்துக் கொன்றார்கள். அடுத்த ஆண்டே புது உடன்படிக்கை வந்தது. திருவிதாங்கூர் கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்டவேண்டும், அதற்குத் தளவாயும் உடன்பட்டார். அந்தப் பணத்தைக் கட்டமுடியாமல்தான் மெக்காலேயோடு முட்டினார். 1808 டிசம்பரில் மெக்காலேயின் வீட்டைத் தாக்க ஆள் போனது, அவர் தப்பிவிட்டார்.

உதவி கேட்டுப் போனது மெக்காலேயிடம், தாக்க ஆள் அனுப்பியதும் மெக்காலேயின் வீட்டுக்கு. உங்கள் மேடையில் அந்த வீட்டை இரண்டு முறை காட்டுங்கள். அதே நாற்காலி, அதே விளக்கு இருக்கட்டும். முதல் தடவை தம்பி அங்கே கைகட்டி நிற்கட்டும்.

காது அறுத்ததைத் தனிக் குற்றப்பட்டியலாக வைக்கவேண்டாம். 1799-இல் அப்போதைய அமைச்சர் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி பணம் கேட்டு மிரட்டியபோது தம்பி மூன்று நாள் தவணை வாங்கினார், ஊரைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நம்பூதிரி பதவி இழந்தார், அவருடைய கூட்டாளிகள் இருவரின் காதுகள் போயின. ஊழல்காரனுக்குத்தானே விழுந்தது என்று சனங்கள் மகிழ்ந்திருப்பார்கள், உங்கள் பார்வையாளர்களும் கைதட்டுவார்கள். தட்டட்டும். அப்புறம் அதே கை சொந்தப் படையாட்கள்மேல் விழும்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

புறக்காட்டில் பிடிபட்ட ஒரு ராணுவ டாக்டரையும் முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களையும் தம்பியின் ஆட்கள் கொன்றதையும் சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்கும்போது தம்பியின் முகம் எப்படி இருந்திருக்கும்? நான் இன்னும் யோசிக்கிறேன். வசனமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

எல்லைக் காட்சியில் ஆரல்வாய்மொழி கட்டாயம் வேண்டும். 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி கம்பெனித் தளபதி செயின்ட் லெஜரின் படை அங்கே இருந்த எல்லை மதிலைப் பிடித்தது, பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் போயின. படிக்காசு வெட்டுப்பட்ட ஒரு சிப்பாயை அந்த மதில்மேல் நிறுத்துங்கள். கற்பனைப் பாத்திரம்தான். கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க, யாருக்காக நிற்கிறேன் என்று அவன் யோசிக்கட்டும்.

கமிட்டிக்காரர்கள் பயப்படவேண்டாம். மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டவரின் உடலைக் கொண்டுபோய்த் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். இத்தனையும் பார்த்த பிறகும் அந்த இடத்தில் நம் சனங்கள் அழுவார்கள். தம்பி பிறந்த தலக்குளம் எனக்குப் பக்கத்து ஊர். சின்ன வயதில் கேட்ட கதை, இன்றைக்கும் அந்த இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: தளவாய் எந்தத் தமிழில் பேசவேண்டும்? (அதே வாசகர்)

பதில்: தர்பாரில் செந்தமிழ் போதும். தலக்குளத்து வீட்டில் அம்மாவிடம் பேசும்போது "எனக்க", "ஒனக்க" என்று நம் பேச்சிலேயே பேசட்டும். மலையாளம் கலந்து வந்தாலும் திருத்தாதீர்கள்.