பத்தாயிரத்துக்குள் முதல் ஏர் ரைஃபிள்: எதை வாங்குவது?

காட்பாடியில் வீட்டு மாடியில் பத்து மீட்டரில் சுட்டுப் பழக, பத்தாயிரம் ரூபாய்க்குள் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். குழாயை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைஃபிள் போதும். காற்றை அடைத்துச் சுடும் பிசிபி அருமையானதுதான், ஆனால் பம்ப் செலவு தனி. சிஓ2 வாயுக் குப்பியில் சுடும் வகை வேண்டாம், வேலூர் வெயிலில் அதன் அழுத்தம் ஏறி இறங்கும், வேகமும் மாறும்.

குண்டின் அளவு 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலம். சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு (joule) மேல் போகாத இந்த அளவுக்கு இந்தியாவில் லைசென்ஸ் தேவையில்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கடையில் பவரைப் பற்றித்தான் பேசுவார்கள். நீங்கள் குழாயைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக ஆட்டிப் பாருங்கள். மூட்டு ஆடினால் குறி நிற்காது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். குண்டு போடாமல் ட்ரிகரை அழுத்தவும் விடாதீர்கள், உள்ளே காற்றைத் தள்ளும் பிஸ்டனின் சீல் கெடும்.

குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இப்போது வேண்டாம். அந்தக் காசில் தட்டைமுனைப் பெல்லட், அதாவது குண்டு, இரண்டு மூன்று வகை வாங்குங்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒன்றுதான் ஒத்துவரும். ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்தாற்போல் பிடித்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும்.

இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை அவசியம். வெறும் சுவரில் பட்டால் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம். அப்புறம், கொக்கு மைனா பக்கம் திருப்பவே கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும்.