கரன்சி டிரேடிங்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். டெலிகிராம் குழு ஒன்றில் யூரோ–டாலர் டிரேடிங் கற்றுத் தருகிறார்கள். 250 டாலர் போட்டால் 500 மடங்குக்கு வாங்கி விற்கலாமாம். தொடங்கலாமா?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பணம் எதுவும் போட்டுவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 250 டாலருக்கு 500 மடங்கு என்றால் 1,25,000 டாலர். அதை வைத்து ஒரு லாட், அதாவது 1,00,000 யூரோ வாங்கச் சொல்வார்கள். விலை 1.1700-லிருந்து 1.1699 ஆனால் அது ஒரு பிப். உங்களுக்கு 10 டாலர் போய்விடும். 25 பிப் இறங்கினால் போட்ட முதல் மொத்தமும் காலி. பெரும்பாலும் அதற்கு முன்பே ஆப் தானாக விற்றுவிடும். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியன்று, நம் நேரப்படி மாலை 6 மணிக்கு (குளிர்காலத்தில் 7) வெளியாகும். அந்த ஒரு நிமிடத்திலேயே 25 பிப் நகர்வது சகஜம். சார்ட் படிக்கத் தெரிந்தவரையும் இந்த 500 மடங்கு விட்டுவைக்காது.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின்படி, ரிசர்வ் வங்கி அனுமதித்த நிறுவனங்களிலும் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற பங்குச் சந்தைகளிலும் மட்டுமே நாம் இதைச் செய்ய முடியும். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை 2022 செப்டம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லாததால் மட்டும் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னாலே விலகிவிடுங்கள். ‘வரி கட்டினால்தான் லாபத்தை எடுக்கலாம்’ என்று கேட்பது அடுத்த கட்டம், அதையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸும் (பின்னொரு தேதிக்கான டாலரை இன்றே விலை பேசி வாங்கி விற்கும் ஒப்பந்தம்) உங்களுக்கு இப்போது கிடையாது. 2024 மே 3 முதல், டாலரில் ஒப்பந்தமான வரவோ செலவோ உள்ளவர்கள்தான் அதில் இறங்கலாம். எனவே பணம் போடாமல், நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகுங்கள். வேலை நாட்களில் மதியம் எஃப்பிஐஎல் என்ற நிறுவனம் வெளியிடும் டாலர் விலையைக் குறியுங்கள். வாங்கியதாக எழுதும்போதே, எந்த விலைக்கு இறங்கினால் நஷ்டத்தோடு வெளியேறுவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். பிறகு அதைத் திருத்தக் கூடாது.

கேள்வி: அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துகிறோம். முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் 10,000 டாலர் இரண்டு மாதம் கழித்து வரும். ஃபியூச்சர்ஸ் விற்று வைக்கலாமா?
– ஒரு வாசகர், குழித்துறை

பதில்: தாராளமாக. நம் சந்தையில் ஒரு லாட் 1,000 டாலர்தான். நீங்கள் 10 லாட் விற்க வேண்டும். 90 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். டாலர் 89-க்கு இறங்கினால் பருப்புப் பணத்தில் 10,000 ரூபாய் குறையும், ஃபியூச்சர்ஸில் அது வந்துவிடும். 91 ஆனால் நேர்மாறு. சிக்கல் வருவது இந்த இரண்டாவது நிலையில்தான். ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், ஏற்றுமதிப் பணமோ இரண்டு மாதம் கழித்துத்தான் வரும். கையில் ரொக்கம் இல்லாவிட்டால் புரோக்கர் பாதியிலேயே முடித்துவிடுவார், பாதுகாப்பும் போய்விடும். மார்ஜினுக்கு (புரோக்கரிடம் கட்டும் முன்பணம்) மேல், லாட்டுக்கு 2,000 ரூபாயாவது தனியாக வையுங்கள்.

மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, மதியம் 12.30-க்கு ஒப்பந்தம் முடியும். வாங்குபவர் பணம் அனுப்பத் தாமதித்தால் அதற்கு முன்பே அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தூரத்து மாதங்களில் வாங்குபவர் குறைவு. லிமிட் ஆர்டர் (நீங்கள் சொன்ன விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோ மட்டும் நடப்பது) மட்டுமே போடுங்கள். உங்கள் அளவுக்கு முன்கூட்டி ஆவணம் கேட்கமாட்டார்கள் என்றாலும் ஆர்டர், இன்வாய்ஸ் நகல்கள் கையில் இருக்கட்டும். தினசரி வரவு செலவைக் கவனிக்க ஆள் இல்லையென்றால் வங்கியில் ஃபார்வர்ட் (டாலர் வரும் நாளுக்கான விலையை வங்கியோடு இன்றே பேசி முடிப்பது) போடுவதே உங்களுக்கு நல்லது.

கேள்வி: கணவர் துபாயிலிருந்து மாதம் 3,000 திர்ஹாம் அனுப்புகிறார். திர்ஹாமில் டிரேடிங் உண்டா?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: இல்லை. நம் சந்தையில் ரூபாய்க்கு எதிராக டாலர், யூரோ, பவுண்ட், யென் மட்டுமே. ஆனால் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டது. ஒரு டாலருக்கு 3.6725. அன்றைய டாலர் விலையை அதால் வகுத்துப் பாருங்கள். டாலர் 90 என்றால் திர்ஹாம் 24.50 ரூபாய். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் 24.30 கொடுத்தால் 3,000 திர்ஹாமுக்கு 600 ரூபாய் குறைகிறது. அனுப்பும் கட்டணத்தையும் இதோடு கூட்டி, இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.