டைனோவில் கியர் தானாக இறங்குகிறதே?

கேள்வி: 2000-ஆம் ஆண்டு செவர்லே கமாரோ இசட்28. எல்எஸ்1 இன்ஜின், 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 3.23 ஆக்சில் விகிதம், 245/50 ஆர்16 டயர். டைனோவில் (உருளைகள் மேல் காரை ஓட்டி பவரை அளக்கும் கருவி) மூன்றாவது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இரண்டாவதுக்கு இறங்கிவிடுகிறது. லீவரை 3-இல் வைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: லீவரின் 3 நான்காவது கியரை மட்டுமே தடுக்கும், கீழே இறங்குவதைத் தடுக்காது. அதற்காக லீவரை டி-க்கு மாற்றிவிட வேண்டாம். உங்கள் காரில் மூன்றாவதில் 2,500 ஆர்.பி.எம். என்பது சுமார் 95 கி.மீ. வேகம். அந்த வேகத்தில் முழு மிதி விழுந்தால் கம்ப்யூட்டர் கிக்டவுன் கொடுக்கும், அதாவது கியரைக் கீழே இறக்கும். சாலையில் அது சரியான முடிவுதான்.

ட்யூனிங் மென்பொருளில் 3-2 இறக்க வேகத்தை 60 கி.மீ.க்குக் குறையுங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள்: முழு மிதிக்கான அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு, பகுதி மிதி அட்டவணையை மறந்துவிடுகிறார்கள். கால் 70, 80, 90 சதவீதத்தைக் கடந்துதானே அடியில் போய் நிற்கிறது? அந்தக் கட்டங்களையும் குறைத்தால்தான் கியர் நிற்கும். 2-3 ஏற்ற வேகத்தைத் தொடாதீர்கள். அது 3-2 இறக்க வேகத்துக்குக் கீழே போனால் கியர் ஏறி இறங்கி ஆடும்.

6,000 ஆர்.பி.எம்.மில் சக்கர வேகம் ஏறக்குறைய 228 கி.மீ.யைத் தொடும். எச் தர டயரின் எல்லை 210 கி.மீ.தான், வி தரமாவது வேண்டும். காரின் கம்ப்யூட்டரில் உள்ள உச்ச வேக வரம்பையும் பாருங்கள். முன்சக்கரம் நின்றபடி பின்சக்கரம் மட்டும் சுழல்வதால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை (சக்கர வழுக்கலைத் தடுக்கும் அமைப்பை) அணைக்க வேண்டும். இல்லையேல் பவரை வெட்டும்.

கேள்வி: ட்ரான்ஸ்மிஷன் கனெக்டரைக் கழற்றினால் மூன்றாவதிலேயே நிற்குமாமே?

பதில்: நிற்கும். முதல் கியருக்கு ஏ, பி சொலினாய்டு (கியரை மாற்றும் மின் வால்வுகள்) இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டாவதுக்கு பி மட்டும். நான்காவதுக்கு ஏ மட்டும். மூன்றாவதுக்கு எதுவும் வேண்டாம். ஆனால் அதே நேரம் லைன் பிரஷர் (கியர்பாக்ஸின் ஆயில் அழுத்தம்) உச்சத்துக்குப் போகும், லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டுவது) வேலை செய்யாது, பிழைக் குறியீடுகள் பதிவாகும். நின்ற நிலையிலிருந்து மூன்றாவதில் கிளம்பும்போது கன்வர்ட்டரில் ஆயில் சூடேறும். அட்டவணையை மாற்ற வழியிருக்கும்போது இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கன்வர்ட்டரை லாக் செய்து ஓட்டலாமா?

பதில்: லாக் இல்லாவிட்டால் வழுக்கலில் போகும் பவர் சக்கரத்துக்கு வராது, குறைந்த ஆர்.பி.எம்.மில் கன்வர்ட்டரே டார்க்கைப் பெருக்குவதால் பவர் வரைபடத்தின் தொடக்கமும் நம்பத்தக்கதல்ல. லாக் செய்தால் வரைபடம் சுத்தமாக வரும். சிக்கல் என்னவென்றால், கம்பெனி கன்வர்ட்டரில் உள்ள ஒற்றைத் தட்டு முழு மிதியின் டார்க்கைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல; வழுக்கினால் கருகி, துகள் ஆயிலில் கலந்து வால்வ் பாடி (கியர்பாக்ஸில் ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) வரை போகும். மூன்றாவது கியர் விகிதம் 1.00 என்பதால் வழுக்கலைக் கண்டுபிடிப்பது எளிது: இன்ஜின் ஆர்.பி.எம்.மும் அவுட்புட் ஷாஃப்ட் ஆர்.பி.எம்.மும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி 50-ஐத் தாண்டி வளர்ந்தால் உடனே காலை எடுங்கள். அந்தக் கன்வர்ட்டரோடு லாக் இல்லாமலே ஓட்டி, மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளந்து ஒப்பிடுவது நல்லது.

டார்க் எண்ணுக்கு ஆர்.பி.எம்.மை இன்ஜினிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். லாக் இல்லாதபோது டைனோ உருளையின் வேகத்திலிருந்து கணக்கிட்டால் வழுக்கல் கணக்கில் சேராது, டார்க் கூடுதலாகக் காட்டும்.

டைனோவிலிருந்து இறக்கியதும் பழைய ட்யூனிங் பைலை ஏற்றிவிட்டே சாலைக்குப் போங்கள். கிக்டவுன் இல்லாமல் லாரியை முந்தப் போனால் கார் எழும்பாது.