80 கிலோ பாக்ஸர் ஹெவிவெயிட்டுக்கு ஏறலாமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தம்பிக்கு 22 வயது. ஐந்தடி பதினொன்று உயரம். 80 கிலோ பிரிவில் ஆடுகிறான். சாதாரண நாளில் 84 கிலோ இருப்பான். போட்டி வந்தால் பட்டினி கிடந்து, தண்ணீரைக் குறைத்து எடையை இறக்குவான். 'ஹெவியில ஆளே கிடையாது, 90-க்கு ஏத்திடு, மெடல் சுலபம்' என்கிறார் மாஸ்டர். லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலே போனவர்கள் எப்படி ஆடியிருக்கிறார்கள்? தம்பியை அனுப்பலாமா?"

85 கிலோ பிரிவுக்கு இப்போதே அனுப்புங்கள். 90-க்கு இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம் போகட்டும். ஆள் குறைவு என்பதற்காக மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். அங்கே இருக்கிற நாலு பேரும் பிறவியிலேயே பெரிய உடம்புக்காரர்களாக இருப்பார்கள்.

தொழில்முறை பாக்ஸிங்கில் லைட் ஹெவி என்பது 175 பவுண்டு, அதாவது 79.4 கிலோ வரை. ஹெவிக்கு மேல்வரம்பே கிடையாது. அந்த இடைவெளியைத் தாண்டப் போய் அடிபட்டவர்கள்தான் அதிகம். பாப் பாஸ்டர் லைட் ஹெவியில் யாரும் நெருங்க முடியாத குத்துக்காரர். 1970-ல் ஹெவி சாம்பியன் ஜோ பிரேசியர் அவரை இரண்டாவது ரவுண்டிலேயே சாய்த்தார். 1972-ல் முகமது அலியின் கண்ணருகே பாஸ்டரின் குத்து தோலைக் கிழித்தது உண்மை. ஆனாலும் எட்டாவது ரவுண்டில் விழுந்தது பாஸ்டர்தான். கீழ்ப் பிரிவில் ஒரே அடியில் ஆளைத் தூங்க வைத்த கை, மேலே போனால் எதிராளியை ஒரு நொடி யோசிக்க வைக்கும், அவ்வளவுதான். 'என் தம்பி குத்து பலமான குத்து' என்ற நம்பிக்கையில் ஏறுகிறவர்கள் முதலில் ஏமாறுவது இதில்தான்.

நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆட்டம் 1941-ல் லைட் ஹெவி சாம்பியன் பில்லி கான், ஹெவி சாம்பியன் ஜோ லூயிஸோடு ஆடியது. கான் 80 கிலோகூட இல்லை, லூயிஸ் 90. காலும் ஜாபும் (முன்கையால் நேராக விடும் குத்து) வைத்தே கான் பன்னிரண்டு ரவுண்டு ஆடினார். அதுவரை மூன்று நடுவர்களில் இருவர் கணக்கில் அவர்தான் முன்னால், ஒருவர் கணக்கில் சமம். பதின்மூன்றாவது ரவுண்டில் நாக் அவுட் பண்ணிவிடலாம் என்று நின்று குத்தப் போனார். அந்த ரவுண்டு முடிய இரண்டு நொடி இருக்கும்போது, கீழே விழுந்த கானுக்குப் பத்து எண்ணி முடித்துவிட்டார்கள். அதுவரை அவரை ஜெயிக்க வைத்தது நகர்ந்துகொண்டே இருந்த கால்கள். நின்ற மறுகணம் எடை தன் வேலையைக் காட்டிவிட்டது.

ஜெயித்தவர்களும் உண்டு. 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ், 48 ஆட்டம் தோற்காத லாரி ஹோம்ஸை 15 ரவுண்டில் புள்ளிக் கணக்கில் வென்றார். பட்டத்தில் இருக்கும்போதே மேலே போய் ஹெவி பட்டம் வாங்கிய முதல் லைட் ஹெவி சாம்பியன் அவர். நீண்ட தூர ஓட்டத்தைக் குறைத்து, குறுகிய வேக ஓட்டம், எடைப் பயிற்சி, அளந்த சாப்பாடு என்று தயாராகி 200 பவுண்டுக்கு வந்தார். எடை கூடியும் கால் கனக்கவில்லை. ஹோம்ஸுக்கு அப்போது வயது 36 நெருங்கிக்கொண்டிருந்தது. இதே ஸ்பிங்க்ஸ் 1988-ல் மைக் டைசன் முன்னால் 91 நொடிதான் நின்றார். ஏறியவர் அதே ஸ்பிங்க்ஸ்தான், எதிரில் நின்ற ஆள் வேறு.

ராய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் சுமார் 87 கிலோ எடையோடு, 102 கிலோ ஜான் ரூயிஸை வென்றார். ரூயிஸ் பிடித்து, சாய்ந்து ஆடுகிறவர், வேகம் குறைவு. ஆளைப் பார்த்து எடுத்த சரியான முடிவு அது. பிறகு ஜோன்ஸ் அதே வருஷம் மறுபடி 79 கிலோவுக்கு இறங்கினார். நவம்பரில் அன்டோனியோ டார்வரிடம் தட்டுத்தடுமாறி ஜெயித்து, 2004 மே மாதம் அவரிடமே இரண்டாவது ரவுண்டில் விழுந்தார். ஏற்றிய தசையை அவசரமாகக் கரைத்ததுதான் காரணம் என்று சொல்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சி. ஆகவே தம்பியை ஏற்றினால் ஏற்றியதுதான். 'ஒரு டோர்னமென்ட் பார்த்துட்டு இறங்கிக்கலாம்' என்ற பேச்சு வேண்டாம்.

நிதானமாக ஏறியதற்கு உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2008-ல் 81 கிலோவில் ஐரோப்பிய சாம்பியன், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 91 கிலோவில் தங்கம், 2018-ல் க்ரூசர்வெயிட்டின் (லைட் ஹெவிக்கும் ஹெவிக்கும் நடுவில் உள்ள பிரிவு) எல்லாப் பட்டமும் கையில், 2024-ல் ஹெவியில் டைசன் பியூரியை வென்றபோது சுமார் 101 கிலோ. 20 கிலோவுக்கு 16 வருஷம்! 1980-ல் நம் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து காட்சிப் போட்டி ஆடிய அலியும் 1960 ரோமில் தங்கம் வாங்கியது 81 கிலோவில்தான். அப்போது வயது 18. நாலு வருஷம் கழித்து ஹெவி சாம்பியன் சன்னி லிஸ்டனோடு ஆடும்போது 95 கிலோ. அது வளர்கிற வயதில் தானாக வந்த எடை. உங்கள் தம்பிக்கு 22, இனி வளரும் எலும்பு அதிகம் இல்லை.

அமெச்சூர் கணக்கு வேறு. அமெச்சூர் ஆட்டத்தை நடத்தும் உலக அமைப்பான வேர்ல்ட் பாக்ஸிங்கின் விதியில் ஆண்களுக்கு மேல் பிரிவுகள் 80, 85, 90, அதற்கு மேல் ஒன்று. நம் ஹெவிக்கு 90 என்ற வரம்பு இருக்கிறது. 110 கிலோ ஆள் எதிரே வரமாட்டான் என்பது நிம்மதி. ஆனால் ஆட்டம் மூன்றே ரவுண்டு. பெரிய ஆள் மூச்சு வாங்கும் நேரத்தில் சின்ன ஆள் மேலே வருவது பழைய 15 ரவுண்டு ஆட்டத்தில் நடந்தது. இங்கே பெரிய ஆள் களைப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் முதல் ரவுண்டிலேயே சுத்தமான குத்துகளை வைத்து, கயிற்றோரம் போகாமல் வெளியே வரத் தெரிய வேண்டும். கிளிஞ்சில், அதாவது இருவரும் கட்டிப் பிடித்து நிற்கும்போது, 90 கிலோ ஆள் கழுத்தில் சாய்ந்தால் என்ன ஆகும் என்பது ஹார்பரில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும். தோளுக்கு முன்னால் கால்தான் போகும்.

84 கிலோ ஆள் 80-க்கு வற்றுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆடுகிற ஒவ்வொரு நாளும் எடை பார்ப்பார்கள், வற்றிய உடம்போடுதான் தலையில் அடி வாங்குவான். பெரிய ஆண்கள் ஆட்டத்தில் ஹெட்கார்டும் கிடையாது. 85-ல் அவன் சாப்பிட்டுவிட்டு ஆடலாம். ஏற்றத்தில் பாதிப் பலன் இதிலேயே வந்துவிடும்.

90-க்கான எடையை மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். தராசோடு ஒரு இஞ்ச் டேப்பும் வையுங்கள். இடுப்பு மட்டும் பெருத்தால் அது கொழுப்பு, ரிங்கில் சுமைதான். காசிமேட்டு மீன், முட்டை, சுண்டல், சோறு போதும். ஜிம்மில் பெயர் தெரியாத டப்பாவையோ ஊசியையோ யாராவது நீட்டினால் தொடக் கூடாது. 2005-ல் இதே ரூயிஸை வென்ற ஜேம்ஸ் டோனி, கீழ் எடையிலிருந்து வந்தவர்தான். ஸ்டீராய்டு சோதனையில் சிக்கி அந்த வெற்றியே ரத்தானது.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் 90 கிலோ ஆளோடு ஸ்பாரிங் (பயிற்சி ஆட்டம்), அதுவும் மாஸ்டர் கண் முன்னால். மூன்றாவது ரவுண்டின் கடைசி நிமிஷத்தை போனில் வீடியோ எடுங்கள். முதல் ரவுண்டில் போட்ட அளவு ஜாப் போடுகிறானா, பின்கால் தரையில் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். மறுநாள் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல் இருந்தால் ஸ்பாரிங்கை நிறுத்தி ஸ்டான்லி மருத்துவமனைக்கோ வேறு டாக்டரிடமோ கூட்டிப் போங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கிளவுஸ் மாட்ட வேண்டாம்.

மாஸ்டரிடம் சண்டை போடாதீர்கள். 'முதல்ல 85-ல ஒரு சீசன் ஆடட்டும் மாஸ்டர்' என்று கேளுங்கள். 90-ல் ஏற்கெனவே ஆடும் பையன்கள் யார், எவ்வளவு உயரம், முன்னால் வந்து குத்துகிறவர்களா, தள்ளி நின்று ஆடுகிறவர்களா என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். தம்பி ஏறுவதா வேண்டாமா என்பதை அடுத்த வருஷம் அந்தத் தாளையும் வீடியோவையும் பக்கத்தில் வைத்து மூவருமாகப் பேசுங்கள்.