ஆர்ட்டிக்ஸ்-7: கணக்கில் 133 மில்லிசெகண்ட், போர்டில் 6 செகண்ட்

ஆர்ட்டிக்ஸ்-7 என்ற எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) 133 மில்லிசெகண்டில் தயாராக வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்; போர்டில் ஏன் 6 செகண்ட் ஆகிறது என்று கேட்கிறீர்கள். உங்கள் கணக்கு சரி. அதில் போட்ட எண்கள்தான் போர்டில் இல்லை. 35டி சிப்பின் பிட்ஸ்ட்ரீம் (பவர் வந்ததும் ஃபிளாஷ் மெமரியிலிருந்து சிப்பில் ஏறும் அமைப்புத் தரவு) 1,75,36,096 பிட். 33 மெகாஹெர்ட்ஸ், நான்கு லைன் என்று வகுத்தால் 133 மில்லிசெகண்ட். அதையே 3 மெகாஹெர்ட்ஸ், ஒரே லைன் என்று வகுத்துப் பாருங்கள்: 5.85 செகண்ட். சிப் தயார் என்று காட்டும் டன் (DONE) விளக்கு எரிய ஆகும் அந்த 6 செகண்ட் இதுதான்.

விவாடோவில் (பிட்ஸ்ட்ரீமை உருவாக்கும் மென்பொருள்) எதையும் தொடாமல் விட்டால் இந்த 3தான் வரும். எக்ஸ்டிசி ஃபைலில் (விவாடோவுக்கான செட்டிங்குகளை எழுதும் ஃபைல்) கான்ஃபிக்ரேட் (கிளாக் வேகம்) 33, எஸ்பிஐ பஸ்விட்த் (லைன் எண்ணிக்கை) 4 இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தும் மாறவில்லையென்றால், பழைய பிட் ஃபைலிலிருந்து செய்த எம்சிஎஸ் ஃபைலே (ஃபிளாஷில் எழுதுவதற்கான வடிவம்) ஃபிளாஷில் கிடக்கலாம். நானே ஒரு மதியம் முழுக்க அப்படித் தொலைத்திருக்கிறேன்.

சிசிஎல்கே (பிட்ஸ்ட்ரீமை ஏற்றும் கிளாக்) பின்னில் ஆசிலோஸ்கோப் வையுங்கள். முதலில் கொஞ்சம் மெதுவாக ஓடி, அப்புறம் வேகம் கூட வேண்டும். கூடவில்லையென்றால் செட்டிங் ஏறவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த கிளாக்கைத் தரும் சிப்பின் உள் ஆசிலேட்டர் 50% வரை விலகலாம். மோசமான சிப்பில் 133 என்பது 266 ஆகும். பவர் வந்தபின் சிப் விழிக்கும் நேரம் (50 மில்லிசெகண்ட் வரை) தனி. பிசிஐஇ-யின் (கம்ப்யூட்டரில் கார்டு செருகும் இணைப்பு) 100 மில்லிசெகண்ட் கெடு உங்களுக்கு உண்டென்றால், ஈஎம்சிசிஎல்கே பின்னில் வெளி கிளாக் கொடுத்து, பிட்ஸ்ட்ரீமைச் சுருக்கும் கம்ப்ரஸ் செட்டிங்கும் போடுங்கள்.