அடைப்புக்குறிக்குள் போட்ட அப்பா

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு 23 வயது. சேலத்தில் வீடு. அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கும் வேலை பார்க்கிறார். வெள்ளி விலை ஏறியதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நான் பி.காம். முடித்து ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் அதை விட்டுவிட்டு முழுநேரமாக ராப் பாடுகிறேன். முதல் பாட்டை அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 38,000 ரூபாயில் ஏற்காட்டிலும் எங்கள் தெருவிலும் படமாக்கினோம். பீட், அதாவது பாட்டுக்கான பின்னணி இசை, யூடியூபில் இலவசமாக எடுத்தது. தீபாவளிக்கு வெளியிட்டோம். 41,000 பேர் பார்த்திருக்கிறார்கள். (அதில் அப்பாவைக் குடிகாரர் போல நாலு வரி வைத்திருந்தேன். அவர் குடிக்க மாட்டார். ராப்புக்கு அப்படி ஒரு பின்னணி தேவைப்பட்டது.) அடுத்த இரண்டு பாட்டும் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனி முதல் பாட்டை 25,000 ரூபாய்க்குக் கேட்கிறது. எல்லா உரிமையும் நிரந்தரமாக அவர்களுக்கு. அந்த நாலு வரிதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்ததாம். சென்னைக்கே வந்துவிடச் சொல்கிறார்கள். அப்பா கார்த்திகையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சினிமாவைச் சாராமல் நாமே செய்கிற சுயாதீன இசை என்றால் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரிய வைப்பது? கையெழுத்துப் போடலாமா? சென்னைக்குப் போகலாமா?

– பெயர் வேண்டாம், சேலம்

தம்பி,

தெருப் பெயரையும் பட்டறைப் பெயரையும் உன் கடிதத்திலிருந்து நான்தான் எடுத்தேன். ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும்.

இந்தப் பக்கத்துக்கு எத்தனையோ வருஷமாகக் கடிதம் வருகிறது. முன்பு உதவி இயக்குநராகப் போகிறேன் என்று எழுதுவார்கள். அப்புறம் குறும்படம் வந்தது. இப்போது ராப். 'அப்பாவுக்குப் புரியவில்லை' என்ற வரி மட்டும் மாறவே இல்லை. பெரும்பாலான வீடுகளில் அப்பாவுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். உன் வீட்டிலும் அப்படித்தான்.

நீயே எழுதிய கணக்கைப் பார். வேலையை விட்டது ஆடியில். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மூன்று மாதம் அப்பா உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருந்த மகனோடு, வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைக்கிற ஒரு மனுஷர் முகம் சுளிக்காமல் பேசியிருக்கிறார். பாட்டு தீபாவளிக்கு வந்தது. கார்த்திகையில் பேச்சு நின்றது. இதில் சுயாதீன இசை எங்கே இருக்கிறது? பி.காம். படித்தவனுக்கு இந்தக் கூட்டல் வரவில்லையா?

வந்திருக்கிறது. அதனால்தான் அந்த விஷயத்தை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தாய்.

நீ அனுப்பிய பாட்டை மூன்று முறை பார்த்தேன். அப்பாவின் கண் சிவந்திருக்கிறது என்கிறாய், ராத்திரி தள்ளாடி வருகிறார் என்கிறாய், சாராய நெடி என்கிறாய். கற்பனைதானே அம்மா என்று சொல்வாய். கற்பனை என்றால் அந்த இடத்தில் வேறு ஒருவர் வீட்டைக் காட்டியிருக்க வேண்டும். நீ காட்டியது உன் தெரு. வாசலில் நிற்பது உன் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல். அதன் முன்பக்கம் தொங்குகிற சாப்பாட்டுப் பை வரைக்கும் கேமரா போகிறது. அந்த வண்டியை அடையாளம் தெரியாதவர் உங்கள் தெருவில் யாராவது உண்டா? 41,000 பேரை விடு. பட்டறையில் உன் அப்பாவோடு உட்கார்ந்து வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் பார்த்திருப்பார்கள். டீ வருகிற நேரத்தில் ஒரு சின்னப் பையன் போனை நீட்டி, 'அண்ணே, உங்க பையன் பாட்டு' என்றிருப்பான். அவர் அதை முழுக்கப் பார்த்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு, திரும்பவும் குனிந்து வேலையைத் தொடர்ந்திருப்பார். எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் நடந்திருக்கும்.

அந்தச் சிவந்த கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தாய்மாமா நகை வேலை பார்த்தவர். சின்ன வளையத்தின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் பொடி வைத்து, சுடரைக் காட்டுவார். பொடி உருகிப் பளிச்சென்று ஓடும். அந்த நொடியில் சுடரை விலக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் வளையமே உருகிப்போகும், சேதாரம் கூலியில் கழியும். அந்த நொடிக்காகக் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வளையத்துக்கு இல்லை, நாள் முழுக்க நூற்றுக்கணக்கான வளையங்களுக்கு. ராத்திரி என் மாமா ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டுதான் படுப்பார். உன் அப்பாவும் அப்படிப் படுத்து நீ பார்த்திருப்பாய். உன் காலேஜ் பீஸ் அந்தக் கண்ணிலிருந்து வந்தது. அதையே எடுத்து நீ சாராயத்துக்கு எதுகை போட்டாய்.

இன்னொன்று. சீட்டை அம்மா எடுத்துக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். எடுத்த சீட்டை மாதாமாதம் யார் கட்டுகிறார்கள் என்று எழுதவில்லை. உனக்குச் சம்பளம் இல்லை. அம்மா வேலைக்குப் போவதாகவும் நீ சொல்லவில்லை. மிச்சம் இருப்பது ஒருவர்தான். தன்னைக் குடிகாரனாகக் காட்டுகிற வீடியோவுக்கு அவரே தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

ராப்புக்கு அப்படி ஒரு பின்னணி தேவை என்று யார் உனக்குச் சொன்னது? உன் கடிதம் வந்த பிறகு நானும் கொஞ்சம் படித்தேன். ராப்புக்குத் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று 1973 ஆகஸ்ட் 11-ஐச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்கிற பகுதியில், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறதே, புதுத் துணி வாங்கக் காசு வேண்டுமே என்று, குடியிருந்த கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து வைத்து நுழைவுக்கட்டணம் வாங்கினாள். இசைத்தட்டு போட்டது அவள் அண்ணன். அவன்தான் பிற்பாடு டீஜே கூல் ஹெர்க் என்று பேர் எடுத்தவன். அவன் கையில் இருந்த ஒலிபெருக்கி அவன் அப்பாவுடையது. தங்கைக்குத் துணி எடுக்க அண்ணன் அப்பாவின் சாமானை வைத்து நடத்திய நிகழ்ச்சி அது. நம் ஊர் விசேஷம் மாதிரி இருக்கிறது, இல்லையா? அங்கே யாரும் அப்பாவை விற்கவில்லை.

நம் பக்கத்துக்கே வா. மலேசியாவில் யோகி பி-யும் கோயம்புத்தூரில் ஹிப்ஹாப் தமிழா ஆதியும் தமிழில் ராப் பாடிக் காட்டி வருஷங்கள் ஆகிவிட்டன. அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையைப் பாட்டாக்கினார். 2021-ல் அந்தப் பாட்டு உலகமெல்லாம் போனது. பாட்டியின் கஷ்டத்தைப் பாடினார், இல்லாத கஷ்டத்தை அவர் தலையில் கட்டவில்லை. வெள்ளி விலை ஏறி வேலை குறைந்த ஒரு பட்டறைக்காரர் உன் வீட்டிலேயே இருக்கிறார். அவர் கதையை நீ கேட்கவே இல்லை. எங்கோ கேட்ட பாட்டிலிருந்து ஒரு குடிகார அப்பாவைக் கடன் வாங்கினாய்.

இனி கம்பெனிக்காரர் விஷயம். அந்த நாலு வரிதான் பிடித்தது என்று அவர்கள் சொல்வதை நீ பெருமையாக எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டால் அந்த வரிகள் உன்னுடையவை இல்லை. பத்து வருஷம் கழித்து உனக்கே வெட்கமாகி, எடுத்துவிடுங்கள் என்று கேட்டாலும் அவர்கள் எடுக்க வேண்டியதில்லை. 25,000 ரூபாய்க்கு அப்பாவைக் குடிகாரர் என்று நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறாய். போடாதே.

அப்பா விஷயமே இல்லை என்றாலும் போடாதே என்றுதான் சொல்வேன். காப்பிரைட் சட்டப்படி, எத்தனை காலத்துக்கு என்று எழுதாத ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால்தான் 'நிரந்தரம்' என்று கவனமாக எழுதுகிறார்கள். 2012-ல் வந்த திருத்தத்தின்படி பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பாட்டு எழுதுகிறவர்களுக்காக அந்தப் பணத்தை வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது, அதில் சேர். நாளைக்கு வேறு யாராவது கேட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்கு உரிமம் மட்டும் கொடு, சொந்தத்தைக் கொடுக்காதே. அப்புறம் அந்த இலவச பீட்! யூடியூபில் 'ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் காசு வராத வரைக்கும் இலவசம் என்றுதான் அர்த்தம். விற்கிற அன்று அதைச் செய்தவர் கேள்வி கேட்பார். உனக்குச் சொந்தமில்லாத இசையை உன்னுடையது என்று கையெழுத்துப் போடப் பார்த்தாய்.

சென்னையா? அடுத்த இரண்டு பாட்டையும் கேட்டேன். இரண்டிலும் காசிமேட்டில் பிறந்தவன் மாதிரிப் பேசுகிறாய். சென்னைக்காரனுக்கு அவன் பேச்சை அவனே பேசிக்கொள்ளத் தெரியும். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற சினிமா ஸ்டுடியோவின் வளைவு இன்னும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. வீடியோ எடுக்க மலைக்குப் போனபோது நீ அதைத் தாண்டித்தான் போயிருப்பாய். கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுத சேலத்துக்கு வந்தவர்கள். நீ சேலத்தில் உட்கார்ந்துகொண்டு சேலத்துப் பேச்சில் எழுத மாட்டேன் என்கிறாய்.

ராப்பை விடச் சொல்லவில்லை. உன் குரல் நன்றாக இருக்கிறது, மூச்சு எங்கே விடுவது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் 23 வயதுப் பிள்ளை வீட்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டு அதைக் கலை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பழைய எண்ணம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஏதாவது ஒரு கடையில் பில் போடப் போ. இந்த மாதத்திலிருந்து சீட்டுத் தவணை உன் கையால் போகட்டும். பாட்டை ராத்திரி எழுது.

யூடியூபில் அந்த நாலு வரியை மட்டும் வெட்டி எடுக்க வழி இருக்கிறது. பார்த்தவர்கள் எண்ணிக்கை அப்படியே இருக்கும், லிங்க்கும் மாறாது. அந்தப் பயம் வேண்டாம். இன்றைக்கே வெட்டு. ஆனால் வெட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடாதே. வீட்டில் அம்மாவை நடுவில் விட்டு மன்னிப்புக் கேட்கிற வேலையும் வேண்டாம். அவமானம் பட்டறையில் நடந்தது, நீயும் பட்டறைக்குப் போ. டீ நேரத்தில் போ, எல்லோரும் இருப்பார்கள். அப்பா குடிக்க மாட்டார், நான் எழுதியது பொய் என்று அவர்கள் காதில் விழும்படி சொல். அப்பா நிமிர்ந்து பார்க்காமல் வேலையைத் தொடரலாம். எழுந்து வெளியே போகலாம். பதில் வரும் வரை நின்று வற்புறுத்தாதே, சொல்லிவிட்டு வந்துவிடு.

போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. இதையும் வீடியோ எடுத்துப் போட்டாய் என்று தெரிந்தால் உன் அடுத்த கடிதத்தை நான் பிரிக்க மாட்டேன்.